லீன்: 1896இல் பிறந்த ஒஸ்லோ கழகம். கம்பெனி திவாலானால் கழகமும் முடிந்ததா?

கொங்கு_கீப்பர் எழுதியது:

2024 அக்டோபரில் ஸ்லோவேனியாவை நார்வே 3-0 என்று ஜெயித்த ஆட்டம் நம்மில் பலர் பார்த்திருப்போம். அன்று ஹாலண்ட் அடித்த இரண்டாவது கோல் அவருடைய 34ஆவது சர்வதேச கோல். அதோடு நார்வேயின் பழைய சாதனை முறிந்தது. அந்தச் சாதனை யாருடையது என்று டிவியில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்: யோர்கன் யூவெ, 45 ஆட்டங்களில் 33 கோல். எண்பது வருஷத்துக்கும் மேல் அதை யாராலும் தொட முடியவில்லை.

யூவெ ஆடிய கழகத்தின் பெயர் லீன். மின்னல் என்று அர்த்தம். ஆஸ்லோ நகரத்துக் கழகம். முழுப் பெயரே 'பனிச்சறுக்கு மற்றும் கால்பந்துக் கழகம் லீன்'. எட்டு முறை நார்வே கோப்பை (1908, 1909, 1910, 1911, 1945, 1946, 1967, 1968), இரண்டு முறை லீக் (1964, 1968). இவ்வளவு பெரிய கழகம் 2010இல் திவாலாகி, அடிமட்டத்திலிருந்து மறுபடி ஏறி வந்திருக்கிறது.

இதைப் பற்றித் தமிழில் பேசினால் நன்றாக இருக்கும் என்று இழையைத் தொடங்குகிறேன். என் கேள்வி இதுதான்: இன்றைக்கு ஆடும் லீன், யூவெ ஆடிய அதே லீன்தானா? அந்த எட்டுக் கோப்பைக்கும் இவர்கள் உரிமை கொண்டாடலாமா?

---

வடமராட்சியான் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. நான் ஒஸ்லோவில் இருக்கிறன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுறன்.

லீன் தொடங்கியது 1896 மார்ச் 3. அப்போது ஒஸ்லோவுக்குப் பெயர் கிறிஸ்தியானியா. நோர்வே அப்போது சுவீடன் அரசரின் கீழ் இருந்தது, 1905இல்தான் தனி நாடானது. தொடங்கியவர்கள் பெரிய மனிதர்கள் இல்லை, பதின்வயதுப் பெடியள். அந்தக் காலத்தில் உதைபந்தாட்டம் இங்கே புதிது. பனிச்சறுக்குத்தான் நாட்டின் விளையாட்டு.

பல விளையாட்டுக் கழகம் என்ற அமைப்பு இங்கே ஏன் இவ்வளவு வேரூன்றியது என்று விளங்க வேண்டுமென்றால் காலநிலையைப் பார்க்க வேணும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மைதானம் பனிக்குள் கிடக்கும். உதைபந்தாட்டப் பருவமே வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலத்தில் முடியும். மிச்ச மாதங்களில் அந்தப் பெடியள் என்ன செய்வது? காட்டுக்குள் பனிச்சறுக்குப் போவார்கள். ஒஸ்லோவின் வடக்கே நூர்ட்மார்க்கா என்ற பெரிய காடு இருக்கிறது, ட்ராமில் ஏறினால் அதன் வாசலில் இறக்கிவிடும். ஒரே கூட்டாளிகள், ஒரே கழகம், கோடையில் பந்து, குளிரில் சறுக்கு. சில ஊர்களில் சறுக்குக்குப் பதில் பாண்டி, அதாவது பனித்தரையில் பந்தும் மட்டையும் வைத்து ஆடுவது. 1968 கோப்பை இறுதியில் லீனிடம் தோற்ற ம்யோண்டாலன் அப்படிப்பட்ட கழகம்.

இன்னொன்று: 1902இல் நோர்வே உதைபந்தாட்டச் சங்கத்தை உருவாக்கிய முதல் கழகங்களில் லீனும் ஒன்று. ஆகவே இது நாட்டின் உதைபந்தாட்டத்தோடு கூடவே வளர்ந்த கழகம்.

---

செங்கோட்டை_செந்தில் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் 2010 ஜூன் 30ஆம் தேதி லீன் திவாலானதே, அதை எப்படித் தாண்டிப் போவது? பாதி சீசனில் நின்றது. அப்போது இரண்டாம் நிலை லீகில் ஆடிக்கொண்டிருந்தார்கள், அவர்கள் ஆடிய ஆட்டங்களின் முடிவுகளையே ரத்து செய்துவிட்டார்கள். வீரர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். இடமும் போச்சு. பிறகு ஆறாவது டிவிஷன் என்ற அடிமட்டத்தில் புதிதாக ஓர் அணி அதே சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கியது.

இதே மாதிரி இங்கிலாந்திலும் இத்தாலியிலும் நடந்திருக்கிறது. பழைய பெயரையும் நிறத்தையும் வாங்கிப் புதுக் கழகம் தொடங்குகிறார்கள். ரசிகர்களுக்கு ஆறுதல், அவ்வளவுதான். கடனை விட்டுவிட்டுக் கோப்பையை மட்டும் எடுத்துக்கொள்வது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை. சம்பள பாக்கி நின்றவர்கள், கடன் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள் அல்லவா?

---

வடமராட்சியான் எழுதியது:

செந்தில், நீங்கள் சொன்ன இங்கிலாந்து உதாரணம் இங்கே பொருந்தாது. காரணத்தைச் சொல்றன்.

நோர்வேயில் கழகம் வேறு, கம்பெனி வேறு. கழகம் என்பது உறுப்பினர்களின் சங்கம். ஆண்டுக் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு வாக்கு. காசுள்ளவருக்கு இரண்டு வாக்குக் கிடையாது. தொழில்முறை அணியை நடத்துவதற்காக ஒரு பங்குக் கம்பெனியைக் கழகம் தன்னோடு சேர்த்துக்கொள்ளலாம். சம்பளம், ஒப்பந்தம், விளம்பரம் எல்லாம் அந்தக் கம்பெனியின் கணக்கில் போகும். முதலீட்டாளர்கள் பணம் போடுவதும் அங்கேதான். ஆனால் லீகில் ஆடும் உரிமை கழகத்தின் கையில். கம்பெனி அதை வாங்கவோ விற்கவோ முடியாது. விளையாட்டுச் சம்மேளனத்தின் சட்டமே அப்படி.

2010இல் விழுந்தது கம்பெனி. கழகம் விழவில்லை. சிறுவர் அணிகள், இளையோர் அணிகள், உறுப்பினர் பட்டியல், எல்லாம் அப்படியே இருந்தன. முதல் அணிக்குத்தான் ஆள் இல்லாமல் போனது. ஆகவே புதுக் கழகம் யாரும் தொடங்கவில்லை. இருந்த கழகம் தன் முதல் அணியை அடியிலிருந்து திரும்பக் கட்டியது. க்ரிங்ஷோ என்ற இடத்தில் உள்ள செயற்கைப் புல் திடலில், வேலை முடித்து வந்த பெடியளை வைத்து ஆடினார்கள். கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்கள் பற்றி நீங்கள் சொல்வது ஒரு நியாயமான வருத்தம், அதை நான் மறுக்கேல்லை.

---

நடுக்களம் எழுதியது:

கடன் எப்படி வந்தது என்பதையும் பேச வேண்டும். 2000களில் லீன் மோசமான அணி இல்லை. 2002இலும் 2005இலும் லீகில் மூன்றாவது இடம், 2004இல் கோப்பை இறுதி (ப்ரான் அணியிடம் 1-4). ஆனால் உல்லெவோல் தேசிய மைதானத்தில் ஆடினார்கள். இருபத்தையாயிரத்துக்கு மேல் இருக்கை, வந்து உட்காருவது சில ஆயிரம் பேர். டிக்கெட் பணத்தில் அணியை நடத்த முடியாது. அப்போது இருந்த வழி, இளம் வீரர்களைக் கொண்டுவந்து பெரிய கழகங்களுக்கு விற்பது.

அதில் உலகமே பேசிய விவகாரம் ஜான் ஓபி மிக்கேல். நைஜீரியாவிலிருந்து வந்த பையன். 2005 ஏப்ரலில் பதினெட்டு வயது நிரம்பிய சில நாளிலேயே மான்செஸ்டர் யுனைடெட் அவரை ஒப்பந்தம் செய்ததாக அறிவித்தது. யுனைடெட் சட்டையைக் கையில் பிடித்தபடி படம் வந்தது. அப்புறம், தன்னை நெருக்கிக் கையெழுத்துப் போட வைத்தார்கள் என்றார் மிக்கேல். தன் ஆள் அவர் என்றது லண்டன் கழகமான செல்சீ. மே மாதத்தில் ஒரு கோப்பை ஆட்டத்தின் போது ஆளே காணாமல் போய், பிறகு லண்டனில் தென்பட்டார். கடைசியில் 2006 ஜூனில் சமரசம்: செல்சீ யுனைடெட்டுக்கு 1 கோடியே 20 லட்சம் பவுண்டு, லீனுக்கு 40 லட்சம் பவுண்டு.

எனக்கு இதில் லீன் மேல் கோபம் உண்டு. பதினெட்டு வயதுப் பையனை மூன்று கழகங்களும் ஏஜென்ட்டுகளும் சேர்ந்து இழுத்த இழுப்பு அது. நூறு வருஷத்தைத் தாண்டிய கழகம், பிள்ளைகள் தொடங்கிய கழகம், ஒரு பிள்ளையை அப்படி நடத்தியிருக்கக் கூடாது. வந்த பணமும் நாலு வருஷத்துக்கு மேல் தாங்கவில்லை.

---

குரூரூட்_அக்கா எழுதியது:

நடுக்களம் தம்பி சொன்னதோடு நானும் உடன்படுகிறேன். ஆனால் அந்தக் கம்பெனியை வைத்துக் கழகத்தை அளக்காதீர்கள்.

நான் இருப்பது ஒஸ்லோவின் கிழக்குப் பக்கம், குரூரூட் பள்ளத்தாக்கு. எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருக்கும் இடம். என் பிள்ளைகள் ஆடுவது லீனில் இல்லை, வீட்டுக்குப் பக்கத்துக் கழகத்தில். ஆனால் அமைப்பு எல்லா இடமும் ஒன்றுதான். இங்கே 'டூக்னாட்' என்று ஒரு வழக்கம். பெற்றோர் கூலி வாங்காமல் கழகத்துக்கு வேலை செய்ய வேணும். சனிக்கிழமை காலை கியோஸ்கில் நின்று வாஃபிள் சுட்டு விற்க வேணும். மாவை வீட்டிலேயே கரைத்துப் போத்தலில் கொண்டுபோக வேணும், அச்சு இரும்பு கழகத்துடையது. அப்புறம் கழிப்பறைப் பேப்பர்! பெரிய பெரிய கட்டுகளாக வீட்டுக்கு வரும், நாங்கள் சொந்தக்காரர், அயலவர் எல்லாரிடமும் விற்று அந்தக் காசைக் கழகத்தில் கட்ட வேணும். எங்கள் கட்டட மாடிப்படியில் நோர்வேக்காரர், சோமாலியர், பாகிஸ்தானியர், நாங்கள், எல்லாரும் ஒருவருக்கொருவர் கழிப்பறைப் பேப்பர் விற்றுக்கொள்வோம்.

இன்னொன்றும் சொல்ல வேணும். பதினொரு வயதுக்குக் கீழ்ப் பிள்ளைகளின் ஆட்டத்துக்குப் புள்ளிப் பட்டியல் வெளியிடக் கூடாது என்பது இங்கே விதி. 1987இலிருந்தே சிறுவர் விளையாட்டுக்கென்று தனி விதிகள் உண்டு. யார் முதலிடம் என்று கேட்டால் பயிற்சியாளர் சொல்லமாட்டார். ஊரில் இருந்து வந்த அப்பாமாருக்கு இது முதலில் பிடிக்காது. பிறகு பிள்ளை பதினைந்து வயதிலும் ஆசையோடு பயிற்சிக்குப் போவதைப் பார்த்தால் விளங்கும்.

லீனின் கம்பெனி விழுந்தபோது கழகம் நின்றதென்றால் இப்படிப்பட்ட ஆட்களால்தான் நின்றிருக்கும். அந்தச் சிறுவர் அணிகளுக்குச் செவ்வாய்க்கிழமைப் பயிற்சி நடந்தே ஆக வேணும்.

---

கொங்கு_கீப்பர் எழுதியது:

அக்கா, அருமை. புத்தகத்தில் கிடைக்காத விஷயம் இது.

நான் கொஞ்சம் பின்னால் போகிறேன். 1936 பெர்லின் ஒலிம்பிக். நார்வே கால்பந்து வரலாற்றில் அதை 'வெண்கல அணி' என்றே அழைக்கிறார்கள். ஆகஸ்ட் 7ஆம் தேதி ஹிட்லர் நேரில் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஜெர்மனியை 2-0 என்று வீழ்த்தினார்கள். இரண்டு கோலும் மக்னார் இசாக்சன் அடித்தது. கிறிஸ்டியன்சுண்ட், லீன் இரண்டுக்கும் ஆடியவர். கேப்டன் நம் யூவெ. இத்தனை கோல் அடித்த மனிதர் அந்தப் போட்டியில் தற்காப்பில் நின்று அணியை நடத்தினார். அரையிறுதியில் இத்தாலியிடம் கூடுதல் நேரத்தில் தோற்றார்கள். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் போலந்தை 3-2 என்று ஜெயித்தபோது மூன்று கோலும் ஆர்னெ ப்ரூஸ்தாத். அவரும் லீன்.

ப்ரூஸ்தாத் 1938 உலகக் கோப்பையில் மார்செய் நகரில் மறுபடி இத்தாலியைச் சந்தித்தார். 83ஆவது நிமிடத்தில் அவர் அடித்த கோலால் ஆட்டம் 1-1 ஆனது. அப்புறம் ஒன்று வலைக்குள் போட்டார், ஆஃப்சைடு என்று மறுத்துவிட்டார்கள். கூடுதல் நேரத்தில் இத்தாலி ஜெயித்து, போய்க் கோப்பையையும் வாங்கியது. அந்த வருஷமே இங்கிலாந்துக்கு எதிராக ஐரோப்பியத் தேர்வணியில் அவருக்கு இடம் கிடைத்தது.

---

வடமராட்சியான் எழுதியது:

அதற்குப் பிறகு வந்த போர்க்காலத்தையும் எழுத வேணும், இங்கே வயதானவர்கள் இப்பவும் பெருமையோடு சொல்வார்கள்.

1940 ஏப்ரலில் ஜேர்மனியர் நோர்வேயைப் பிடித்தார்கள். அந்த வருடக் கடைசியில் விளையாட்டுச் சங்கங்களை எல்லாம் நாஜிகளுக்கு ஒத்துப்போகும் ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவரப் பார்த்தார்கள். விளையாட்டு வீரர்கள் மறுத்துவிட்டார்கள். இதுதான் விளையாட்டு வேலைநிறுத்தம். 1945 வரை, கிட்டத்தட்ட ஐந்து வருடம், கழகங்கள் அதிகாரபூர்வப் போட்டிகளில் இறங்கவில்லை. அரசு நடத்திய போட்டிகளில் இருக்கைகள் காலி. அதேநேரம் காட்டுக்குள்ளே களவாக ஆட்டங்களும் சறுக்குப் போட்டிகளும் நடந்தன. வெண்கல அணியைப் பயிற்றுவித்த அஸ்பியோர்ன் ஹல்வோர்சன் சங்கச் செயலாளராக இருந்து இந்த மறுப்பில் நின்றவர். 1942இல் கைதாகி வதைமுகாம்களில் கிடந்து, உயிரோடு திரும்பினார். உடம்பு தேறவேயில்லை, 1955இல் இறந்தார்.

இப்ப லீனின் 1945 கோப்பையைப் பாருங்கள். விடுதலைக்குப் பிறகு முதல் இறுதியாட்டம், எதிரணி ஃப்ரெட்ரிக்ஸ்தாத். முதல் ஆட்டம் 1-1. திரும்ப ஆடினார்கள், அதுவும் 1-1. மூன்றாவதில் லீன் 4-0. ஐந்து வருடம் பந்து பார்க்காத சனத்துக்கு மூன்று இறுதியாட்டம்! அடுத்த வருடமும் அதே இரண்டு அணிகள், லீன் 3-2.

---

பனிக்காடு எழுதியது:

எல்லாரும் பந்தைப் பற்றியே எழுதுகிறீர்கள். கழகத்தின் பெயரில் பனிச்சறுக்குதான் முதலில் வருகிறது!

2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக், ஆண்கள் 30 கிலோமீட்டர் ஸ்கியாத்லான். பாதித் தூரம் பழைய பாணியிலும் பாதித் தூரம் தாராள பாணியிலும் சறுக்க வேண்டும். கிளம்பிய சில நொடியில் சீமென் ஹெக்ஸ்தாத் க்ரூகர் விழுந்தார், பின்னால் வந்த இரண்டு ரஷ்யர்கள் அவர் மேல் விழுந்தார்கள். ஊன்றுகோல் முறிந்தது. எழுந்து பார்த்தால் மொத்தக் கூட்டமும் முன்னால் போய்விட்டது. அங்கிருந்து ஒவ்வொருவராகத் தாண்டி, கடைசிக் கட்டத்தில் தனியாகப் பிரிந்து போய்த் தங்கம் வாங்கினார். முதல் மூன்று இடமும் நார்வேக்கே. மார்ட்டின் யோன்ஸ்ருட் சுண்ட்பி வெள்ளி, ஹான்ஸ் கிறிஸ்டர் ஹோலுண்ட் வெண்கலம். இந்தப் பதக்க மேடையில் நின்ற க்ரூகரும் ஹோலுண்டும் லீன் கழகத்துச் சறுக்காளர்கள்.

அடுத்த வருஷம் ஸேஃபெல்ட் உலகப் போட்டியில் 50 கிலோமீட்டரை ஹோலுண்ட் ஜெயித்தார். தேதி என்ன தெரியுமா? மார்ச் 3. கழகத்தின் பிறந்தநாள். இதை எந்த ஒளிபரப்பிலும் சொல்லி நான் கேட்கவில்லை, எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கால்பந்து அணி கீழ் டிவிஷன்களில் தத்தளித்த அதே காலத்தில் கழகத்தின் இன்னொரு கை ஒலிம்பிக் தங்கம் வாங்கியிருக்கிறது. 'லீன் செத்தது' என்று யாராவது சொன்னால் எனக்கு ஒப்பவில்லை.

---

செங்கோட்டை_செந்தில் எழுதியது:

பனிக்காடு, உங்கள் உற்சாகம் புரிகிறது. ஆனால் லீன் சறுக்கும் லீன் கால்பந்தும் இன்று தனித்தனி அமைப்புகள்தானே? ஒரே கணக்கு, ஒரே நிர்வாகம் இல்லை. அப்படியிருக்க, சறுக்குத் தங்கத்தை எடுத்துக் கால்பந்துக் கணக்கில் எழுத முடியுமா?

வடமராட்சியான் அண்ணன் சொன்ன கழகம்-கம்பெனி விளக்கம் எனக்குச் சரியாகவே படுகிறது. சிறுவர் அணிகள் நிற்காமல் நடந்தன என்றால் கோப்பைகளுக்கு உரிமை உண்டு, ஏற்றுக்கொள்கிறேன். சறுக்கு வேறு விஷயம்.

---

பனிக்காடு எழுதியது:

தனித்தனி அமைப்புதான். பெயர் ஒன்று, பிறந்த நாள் ஒன்று, 1896இல் கூடிய பையன்கள் ஒன்று. கூட்டுக் குடும்பம் பாகம் பிரிந்தால் தாத்தா ஒருவருக்கு மட்டுமா சொந்தம்? பாகம் பிரிந்ததும் நல்லதாகப் போயிற்று. கால்பந்துக் கம்பெனியின் கடன் சறுக்குப் பிள்ளைகளின் பணத்தைத் தொடவில்லை.

---

நடுக்களம் எழுதியது:

1968ஐ யாரும் எழுதவில்லையே. லீகும் கோப்பையும் ஒரே வருஷத்தில். அந்த அணியின் உயிர் ஹரால்ட் பெர்க். வடக்கே பூடோ ஊரிலிருந்து வந்தவர். இன்று பூடோ கிளிம்ட் கழகத்தின் நடுக்களத்தில் ஆடும் பாட்ரிக் பெர்க்கின் தாத்தா. முன்னால் கோல் போட ஓலா டிப்வாத் ஓல்சன்.

அந்த சீசனில் ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பையில் துருக்கியின் அல்தாய், சுவீடனின் நூர்ஷோப்பிங் இரண்டையும் தாண்டிக் காலிறுதிக்குப் போனார்கள். எதிரே பார்சிலோனா. பிப்ரவரியில் ஆஸ்லோவில் ஆட முடியாது, பனி. அதனால் இரண்டு ஆட்டமும் பார்சிலோனாவிலேயே. முதலாவது 2-3, இரண்டாவது 2-2. ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் வெளியே. பகல் நேரம் வேறு வேலை பார்த்த வீரர்கள் அவர்கள். சொந்த மண்ணில் ஓர் ஆட்டம் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்த பார்சிலோனா இறுதிவரை போய் ஸ்லோவான் பிராட்டிஸ்லாவாவிடம் தோற்றது.

---

வோலெரெங்கா_வாசன் எழுதியது:

எதிர்முகாமிலிருந்து ஒரு குரல். நான் ஒஸ்லோ கிழக்கு, வோலெரெங்கா கழகத்து ரசிகன்.

லீன் என்றால் மேற்குப் பக்கத்து வசதியான வீட்டுப் பிள்ளைகள், நாங்கள் கிழக்குப் பக்கத்துத் தொழிலாளர் பிள்ளைகள் என்பது இங்கே பழைய பேச்சு. இப்போது நகரம் மாறிவிட்டது, ஆனாலும் அந்தப் பேச்சு போகவில்லை. எங்களுடையதும் பல விளையாட்டுக் கழகம்தான், 1913இல் தொடங்கியது. எங்கள் ஐஸ் ஹாக்கி அணி நாட்டிலேயே அதிக முறை சாம்பியன். 2005இல் நாங்கள் லீக் வென்றோம், லீன் மூன்றாவது. அப்போது இரண்டு அணிக்கும் உல்லெவோல்தான் வீடு. நாங்கள் பிறகு வால்லே பகுதியில் நகரசபையிடம் ஒரு குரோனுக்கு நிலம் வாங்கிச் சொந்த மைதானம் கட்டி 2017இல் குடிபோனோம். லீனுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. இப்போது பிஸ்லெட் மைதானத்தில் ஆடுகிறார்கள்.

ஆனால் ஒன்று சொல்வேன். 2023இல் நாங்கள் மேல் லீகிலிருந்து விழுந்தோம். அதே வருடம் லீன் மூன்றாம் நிலையிலிருந்து மேலே ஏறியது. 2024இல் இரண்டு பேரும் ஒரே லீகில்! எங்களுக்கு அது அவமானமான வருடமாகத் தொடங்கியது. ஆனால் லீன் ஆட்டம் என்றதும் வேலை இடத்தில், பேருந்தில், எல்லா இடத்திலும் அதே பேச்சு. எதிரி திரும்பி வந்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. அந்த சீசனை வென்று நாங்கள் மேலே போய்விட்டோம். அவர்களும் வர வேண்டும்.

---

குரூரூட்_அக்கா எழுதியது:

வாசன், லீன் பெண்கள் அணி மேல் லீகான தொப்செரியனில் ஆடுகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஆண்கள் அணி கீழே கிடந்த காலத்திலேயே அவர்கள் அங்கே போய்விட்டார்கள். 'லீன் மேலே வர வேண்டும்' என்றால் என் மகள் கேட்பாள், அவர்கள் மேலேதானே இருக்கிறார்கள் என்று.

---

கொங்கு_கீப்பர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, அடுத்து நான் கேட்க நினைத்ததே அதுதான். நார்வே பெண்கள் கால்பந்துக்குத் தனி இழை போடலாமா? 1995 உலகக் கோப்பை, 2000 சிட்னி ஒலிம்பிக் தங்கம், இரண்டையும் வென்ற நாடு. நம் மன்றத்தில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. நீங்கள் தொடங்கினால் நான் 1995 அணியைப் பற்றி எழுதுகிறேன்.

---

குரூரூட்_அக்கா எழுதியது:

போடுறன். சனிக்கிழமை கியோஸ்க் வேலை இருக்கு, ஞாயிறு எழுதுறன்.